நிற்கிற வண்டிக்குள் என்ன நடக்கிறது?

உழைக்கிற பொருள் தேயும் என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்கிறோம். செருப்பு தேய்கிறது, துடைப்பம் தேய்கிறது, சைக்கிள் சங்கிலி தொய்கிறது. அப்படியானால் உழைக்காத பொருள் புதுக் கருக்கு மாறாமல் இருக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களின் அனுபவமோ இதற்கு நேர்மாறு. ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் சொல்லாத வண்டி, இரண்டு மூன்று மாதம் நிறுத்திவைத்து எடுத்தால் கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் இருமி இருமி அணைகிறது. பிரேக் இறுகிக் கிடக்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத அந்த மாதங்களில் என்னதான் கெட்டது?

சிங்கப்பூரில் பலருக்கு இந்தக் கேள்வி ஒரே நேரத்தில் வந்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. இங்கே ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமித்தொற்று முறியடிப்புக் காலம். தரைவழி எல்லை முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. மலேசியாவின் ஜொகூரில் விட்டுவந்த வண்டி ஜொகூரிலேயே நின்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கார்ப்பேட்டையில் உறை போட்டு மூடிய மோட்டார் சைக்கிள் அங்கேயே நின்றது. யாரும் அவற்றைத் தொடவில்லை. ஆனாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அது இயந்திர வேலை இல்லை, வேதியியல் வேலை. பெட்ரோல், ஈயம், உப்பு என்ற மூன்றும் தத்தம் போக்கில் மாறிக்கொண்டிருந்தன.

இந்த மூன்றையும் புரிந்துகொள்ள ஏடிவியைப் போல வசதியான வண்டி வேறு இல்லை. மணல், சேறு, மேடு, பள்ளம் என்று எந்த நிலத்திலும் போகிற, பருத்த டயர்கள் கொண்ட அந்தத் திறந்த நான்கு சக்கர வண்டியை எந்நில வண்டி என்று அழைக்கலாம். பெரும்பாலான ஏடிவிகள் ஓடும் நாள்களைவிட நிற்கும் நாள்களே அதிகம். உறுப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில், அதிக மூடி இல்லாமல் இருக்கும். இருக்கையைத் தூக்கினால் பேட்டரி, பக்கத்தில் குனிந்தால் கார்புரேட்டர். கற்றுக்கொள்ள வருபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மணலை அழுத்தாத சக்கரம்

தார்ச்சாலையும் புல்வெளியுமாக ஒழுங்கு செய்யப்பட்ட சிங்கப்பூரில் ஏடிவிக்கு இடம் குறைவு. தீவின் கிழக்கே உள்ள பிடோக் வட்டாரத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள தானா மேரா படகு முனையத்தில் ஏறி, கடலைத் தாண்டி இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் இறங்கினால் சுற்றுப்பயணிகள் அதை ஓட்டுவதைப் பார்க்கலாம். வடக்கே பாலத்தைக் கடந்தால் ஜொகூரின் தோட்டங்களில் அது உழைக்கும் வண்டி.

இதன் முன்னோடி, ஹோண்டா நிறுவனம் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டி. அமெரிக்காவில் பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காது. அப்போது கடைக்காரர்கள் விற்க ஏதாவது வேண்டும் என்ற தேவையிலிருந்து, ஒசாமு தாக்கேயுச்சி என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். பனிமீதும் புதையாமல் போக அவர் கண்ட வழி, பெரிய டயரில் மிகக் குறைந்த காற்று. மூன்று சக்கரம் எளிதில் கவிழ்ந்தது. 1982-இல் சுசுகி நான்கு சக்கரத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர விற்பனையையே நிறுத்த நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன.

குறைந்த காற்று என்றால் எவ்வளவு? கார் டயருக்கு 32 பிஎஸ்ஐ அளவில் காற்றடிக்கிறோம். ஏடிவிக்கு ஏறக்குறைய 5. அதாவது சதுர செ.மீ.க்கு 0.35 கிலோ. 300 கிலோ வண்டியில் 70 கிலோ மனிதர் ஏறினால் மொத்தம் 370 கிலோ. அதைத் தாங்க நான்கு டயரும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் சதுர செ.மீ. பரப்பைத் தரையில் பதித்தாக வேண்டும். டயர் நசுங்கி அகன்று அதைச் செய்கிறது. அதே மனிதர் இறங்கி நடக்கும்போது, ஒற்றைக் காலில் எடை விழும் கணத்தில் மணலை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்துகிறார். வண்டி புதையாத இடத்தில் மனிதரின் கால் புதைகிறது.

பராமரிப்புக்கு இதிலிருந்து உடனே ஒரு பாடம் கிடைக்கிறது. 32-இல் 2 குறைந்தால் காருக்கு ஒன்றும் ஆகாது. 5-இல் 2 குறைந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். வளைவில் திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. பெட்ரோல் நிலையத்துக் காற்றுமானியில் 5 என்ற அளவைச் சரியாகப் படிக்கவும் முடியாது. 0 முதல் 10 அல்லது 15 வரை மட்டும் காட்டும் சிறிய மானி தனியாகக் கிடைக்கும். ஏடிவிக்காரர் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான் என்பது என் எண்ணம். ஸ்பேனர் பெட்டியெல்லாம் அதற்குப் பிறகு.

சோக் போட்டால் ஓடுகிறது

இனி எஞ்சினுக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

பிடோக்கில் வசிக்கும் ஒருவருக்கு ஜொகூரின் கோத்தா திங்கிப் பக்கம் உறவினர் தோட்டத்தில் ஒரு பழைய ஏடிவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்துப் போய் எடுக்கிறார். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டு முயன்றால் பிடித்துக்கொள்கிறது. சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரை நன்றாக முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது. வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுவர முடியாது. காக்கி புக்கிட்டில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் சொல்கிறார்.

"அண்ணே, சோக் போட்டா ஓடுது, எடுத்தா உடனே ஆஃப் ஆயிடுது. முறுக்குனா ஓடுது."

"எத்தன நாளா நின்னுச்சு?"

"மூணு மாசம் இருக்கும்."

"டேங்க்ல பெட்ரோலோடவா நிறுத்துன?"

"ஆமாண்ணே."

"அப்ப ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கும் தம்பி. கார்புரேட்டரக் கழட்டிப் பாரு."

காக்கி புக்கிட், பிடோக் நகரத் திட்டப் பகுதிக்குள்ளேயே வரும் தொழிற்பேட்டை. அடுக்கடுக்காகக் கார், மோட்டார் சைக்கிள் பட்டறைகள். அங்கே அனுபவப்பட்ட எவரிடம் கேட்டாலும் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும். வண்டியைப் பார்க்காமலே, சில சொற்களை வைத்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு துளையை எப்படிச் சுட்டிக்காட்டுகிறார்? அவருடைய தலைக்குள் ஓடிய தர்க்கத்தை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். ரிப்பேர் கற்பது என்பதில் பெரும்பகுதி அந்தத் தர்க்கத்தைக் கற்பதுதான்.

காற்று, பெட்ரோல், பொறி

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று தேவை. காற்று வர வேண்டும், பெட்ரோல் சரியான அளவில் கலக்க வேண்டும், உரிய கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தர வேண்டும். கலவையை நெருக்கும் அழுத்தமும் தேவைதான். ஆனால் முறுக்கினால் நன்றாக ஓடுகிற எஞ்சினில் பிஸ்டன் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். பொறியும் அப்படியே. பிளக் கெட்டிருந்தால் சோக் போட்டாலும் போடாவிட்டாலும் தகராறு இருக்கும். இங்கே ஒரு நிலையில் ஓடுகிறது, இன்னொரு நிலையில் ஓடவில்லை. எனவே பொறியையும் ஒதுக்கிவிடலாம். மிச்சம் காற்றும் பெட்ரோலும்.

முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கொஞ்சம் குறைந்தால் பெட்ரோல் மிகுந்து புகை கறுக்கும், ஆனால் எஞ்சின் ஓடும். காற்று மிகுந்து விகிதம் 20-ஐ நெருங்கும்போது விட்டுவிட்டுத்தான் தீப்பிடிக்கும். அதையும் தாண்டினால் பொறி விழுந்தும் சுடர் பரவாது.

சோக் என்ன செய்கிறது? காற்று வரும் வாயை ஒரு தகட்டால் பாதி மூடுகிறது. காற்று குறைகிறது, உள்ளே உறிஞ்சும் வேகம் கூடிப் பெட்ரோல் அதிகமாக இழுபடுகிறது. சில கார்புரேட்டர்களில் தகட்டுக்குப் பதிலாகப் பெட்ரோலுக்கென்றே ஒரு கூடுதல் வழி திறக்கும். எப்படியானாலும் சோக் என்றால் கெட்டியான கலவை. சோக் போட்டால் ஓடுகிறது என்று வண்டி சொல்வதன் பொருள், எனக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதுதான்.

அப்படியானால் முறுக்கும்போது மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது? கார்புரேட்டருக்குள் பெட்ரோலுக்கு இரண்டு பாதைகள். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பெரிய துளை கொண்ட மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் போகிறது. முறுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், சிறிய துளை கொண்ட பைலட் ஜெட் வழியாகப் போகிறது. மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பது இதைத்தான். பெரிய வழி சரி, சின்ன வழி சரியில்லை. மெக்கானிக் வந்து சேர்ந்த இடமும் அதுவே. மூன்று மாதம் என்ற விடை அந்த முடிவை உறுதிசெய்தது. ஏன் என்பதற்கு வேதியியலுக்குள் போக வேண்டும்.

கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல்

கார்புரேட்டரின் அடியில் சிறிய கிண்ணம் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி வழியைத் திறக்கும், நிறைந்தால் ஏறி அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் அதே ஏற்பாடு. இந்த மிதவைக் கிண்ணம் காற்றுப் புகாமல் மூடப்பட்டதல்ல. பெட்ரோல் சீராக உறிஞ்சப்பட வேண்டுமானால் வெளிக்காற்றோடு தொடர்பு இருந்தாக வேண்டும். அதற்கென்று ஒரு துளை விட்டிருப்பார்கள். ஓடும்போது கிண்ணத்துப் பெட்ரோல் நொடிக்கு நொடி புதிதாகிறது. வண்டி நிற்கும்போது அதே சிறிதளவு பெட்ரோல் வாரக்கணக்கில் காற்றைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

பெட்ரோல் ஒரே பொருளன்று. லேசானதும் கனமானதுமாக நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. குளிர்ந்த எஞ்சினில் எளிதாகத் தீப்பிடிக்க உதவுபவை அவைதாம். எஞ்சிய கனமான பகுதியில் சில மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பிறகு ஒன்றோடொன்று கைகோத்து நீளமாகின்றன. நீண்ட மூலக்கூறு ஆவியாகாது, பிசினாகப் படியும். அடுப்புக்கு மேலே சுவரில் படிந்த எண்ணெய் சில மாதத்தில் தேய்த்தாலும் போகாத பிசுக்காகிறதே, அதுவும் ஏறக்குறைய இதே வேதிவினைதான்.

வெப்பம் கூடினால் இந்த வினை விரைகிறது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். குளிர்நாட்டில் பனிக்காலம் முழுக்க நிறுத்திய வண்டி கொஞ்சம் தப்பிக்கும். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. தகரக் கொட்டகைக்குள் அதற்கும் மேல். செம்பு சேர்ந்த உலோகங்கள் இந்த வினையைத் தூண்டிவிடும் என்பது கூடுதல் சங்கடம். ஜெட்டுகள் பித்தளை.

0.40 மில்லிமீட்டரின் கணக்கு

ஏடிவியின் பைலட் ஜெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைக் குழாய். பக்கவாட்டில் பொடித் துளைகள், தலையில் 38, 40 என்று ஓர் எண். பல ஜெட்டுகளில் 40 என்றால் நடுத்துளையின் விட்டம் 0.40 மி.மீ. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனையளவு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும்.

அந்தத் துளையின் சுவரில் வெறும் 0.05 மி.மீ. தடிப்புக்குப் பிசின் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பழுப்பு நிறச் சாயம் பூசியதுபோலத்தான் தெரியும். விட்டத்தில் இரு பக்கமும் குறைவதால் 0.40 என்பது 0.30 ஆகிறது. கால் பங்குதானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் பாய்வது துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முக்காலை முக்காலால் பெருக்கினால் 0.56. பெட்ரோலில் பாதிக்குச் சற்று மேல்தான் போகிறது. காற்று மட்டும் குறையாமல் வருகிறது. ஒன்றுக்கு 14.7 என்றிருந்த விகிதம் இப்போது ஒன்றுக்கு 26. சுடர் பரவும் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டோம்.

அதே 0.05 மி.மீ. பிசின் 1.20 மி.மீ. மெயின் ஜெட்டில் படிந்தால்? விட்டம் 1.10 ஆகும். பரப்பில் 84 விழுக்காடு மிஞ்சும். வண்டி கொஞ்சம் சோம்பினாலும் ஓடும். முறுக்கினால் ஓடுவதும் விட்டால் அணைவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிட்டன. மூன்று மாதத்தில் உண்மையிலேயே கெட்டது, ஓர் ஊசிமுனையில் படிந்த பிசின். அதற்காகக் கார்புரேட்டரையே மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கழற்றும் வேலை

முதலில் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். நான்கு பக்கமும் திறந்த இடத்தில், அடுப்போ சிகரெட்டோ சார்ஜரோ அருகில் இல்லாமல்தான் இந்த வேலை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வடிக்கும் பெட்ரோலை மூடியுள்ள உலோக டப்பாவில் பிடிக்க வேண்டும். கால்வாயில் ஊற்றவே கூடாது. சிங்கப்பூரில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர், கால்வாய்கள் வழியாக நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. கால்வாயில் ஊற்றிய பெட்ரோல் குடிநீரைத் தேடித்தான் போகும்.

டேங்கின் குழாயை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தினால் பழைய பெட்ரோல் வடியும். முகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். புதிய பெட்ரோலின் காரமான நெடி போய், பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். நிறம் மஞ்சளித்திருக்கும். பிறகு கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகள். இவை பெரும்பாலும் மென்மையான உலோகம். பொருந்தாத திருப்புளியால் திருகினால் தலை சிதைந்துபோகும். அளவு சரியான திருப்புளியை அழுத்திப் பிடித்து, நேராக நின்று திருக வேண்டும். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம். திரும்ப மாட்டும்போது அந்தப் படங்களே ஆசான்.

கிண்ணம் கழன்றதும் நடுவில் நிற்பது மெயின் ஜெட். அதன் பக்கத்துக் குழிக்குள் ஒளிந்திருப்பது பைலட் ஜெட். மெலிந்த திருப்புளியால் கழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஒளிப்புள்ளி தெரியாது, அல்லது மங்கலாகத் தெரியும்.

இங்கேதான் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். கையில் கிடைத்த இரும்புக் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள். பித்தளை மென்மையானது. துளை 0.40-லிருந்து 0.44 ஆக அகன்றால், மேலே போட்ட அதே கணக்கின்படி பெட்ரோல் 21 விழுக்காடு கூடிவிடும். அடைப்பு நீங்கியதற்குப் பதில் நிரந்தரமாகக் கறுப்புப் புகை விடும் வண்டி கிடைக்கும். சரியான வழி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுவது. பிசினைக் கரைக்கும் கரைப்பான்கள் அதில் உண்டு. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஒரு துளை வழியாக அடித்தது இன்னொரு துளை வழியாக நேரே முகத்தில் பாயும். பிறகு அழுத்தக் காற்று. அப்படியும் போகாவிட்டால் மெல்லிய நைலான் இழை. அது பித்தளையைச் சுரண்டாது. ஒளிப்புள்ளி வட்டமாகவும் கூர்மையாகவும் தெரிந்தால் முடிந்தது.

மாட்டும்போது ஜெட்டை இறுக்கி முறுக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலையும் வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கதை தொடரும். ஓட்டிவந்து எஞ்சின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் இன்னும் போதவில்லை, கரிபடிந்திருந்தால் மிகுதி.

அடுத்த முறை இது வராமல் தடுக்கச் செலவே இல்லாத வழி இருக்கிறது. சில வாரம் வண்டி நிற்கும் என்று தெரிந்தால், டேங்க் குழாயை மூடிவிட்டு எஞ்சினை அது தானாக அணையும்வரை ஓடவிடுவது. கிண்ணம் காலியாகிவிடும். அடியில் தங்கும் கொஞ்சத்தையும் வடிகால் திருகாணி வழியாக எடுத்துவிடலாம். பெட்ரோல் இல்லாத இடத்தில் பிசின் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். நீண்ட நாள் நிற்கும் பைக்குக்கும் ஜெனரேட்டருக்கும் புல்வெட்டும் எந்திரத்துக்கும் கிண்ணத்தைக் காலிசெய்வது அங்கே இன்னும் முக்கியம்.

ஈயத்தில் வளரும் படிகம்

இரண்டாவது வேதியியல் பேட்டரிக்குள் நடக்கிறது. ஈய அமில பேட்டரியை எதனோடும் இணைக்காமல் வைத்தாலும் மின்னூட்டம் மெல்ல இறங்கும், 25 டிகிரியில் மாதத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு. வெப்பம் கூடினால் இதுவும் விரையும். இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் உண்டாகிறது. புதிதாக உண்டானது பொடியாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்து திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டால் பொடிகள் சேர்ந்து பெரிய படிகங்களாக இறுகுகின்றன. பிறகு சார்ஜுக்கு மசியாது. பேட்டரி செத்துப்போச்சு என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் முழுமை, 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் ஏறக்குறையக் கால்தான் மிச்சம். 12.4-க்குக் கீழே இறங்கவிடாமல் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுபவரின் பேட்டரி பல ஆண்டு உழைக்கும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பொருத்திய புதிய ஏடிவிகளில் பிசின் தொல்லை குறைவு. ஆனால் பெட்ரோல் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மின்சாரத்தை நம்பியிருப்பதால் பேட்டரியின் மேல் கவனம் கூடுதலாகத் தேவை.

காயாத உப்பு

பிடோக்கில் இருப்பவர்கள் மூன்றாவது வேதியியலைத் தினமும் சுவாசிக்கிறார்கள். இங்கிருந்த குன்றுகளை வெட்டி, 1966-இல் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தில் கடற்கரையைத் தெற்கே தள்ளினார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பார்க் அந்தப் புது மண்ணில்தான் இருக்கிறது. கடல் தள்ளிப்போனாலும் கடற்காற்று தள்ளிப்போகவில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து, கரையோரம் நிற்கும் சைக்கிள், பால்கனிக் கம்பி, வண்டி என்று எல்லாவற்றின்மீதும் படிகின்றன.

வண்டியில் காய்ந்த உப்பு படிந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காய்வதே இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80-க்கு மேல், விடியற்காலையில் 90-ஐயும் தாண்டும். மதிய வெயிலில் குறைந்தாலும் விடுதலை இல்லை. கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவ்வளவு வறண்ட பகல் இந்தத் தீவில் வாய்ப்பதே இல்லை எனலாம். ஆகவே கடற்கரையில் ஓடிய வண்டியின்மீது இரவும் பகலும் ஒரு மெல்லிய உப்புக் கரைசல் பூசிக்கிடக்கிறது. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடமெல்லாம் அந்தக் கரைசலின் தயவில் குட்டி பேட்டரியாக மாறி அரிக்கிறது. பிரேக் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய ஊசிகள் இறுகிப்போவதும், மின்கம்பி முனைகள் பச்சை பூப்பதும் இதனால்தான்.

உப்பைத் துடைத்து எடுக்க முடியாது, கரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். மணலில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைவாக, நிறைய நேரம் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் குழாயை பேரிங் பக்கம் காட்டினால் உப்புநீரையே சீலைத் தாண்டி உள்ளே தள்ளிவிடுவோம். கழுவியதும் எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை பிடித்தால் அந்தச் சூட்டில் ஈரம் போகும். பிரேக் மிதி அதற்குப் பிறகும் மெத்தென்று இறங்கினாலோ சக்கரம் பிடித்துக்கொண்டு சுற்றினாலோ, கற்றுக்கொள்பவர் அதோடு நிறுத்திக்கொண்டு பட்டறைக்காரரைக் கூப்பிட வேண்டும். கார்புரேட்டரில் தவறினால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். பிரேக்கில் தவறினால் வண்டி நிற்காது.

கடைசியாகக் கிரீஸ் துப்பாக்கி. சஸ்பென்ஷன் கைகள் மடங்கும் மூட்டுகளில், பல ஏடிவிகளில் குமிழ்போலச் சிறிய நிப்பிள் இருக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டுத் துப்பாக்கியை மாட்டி மெதுவாக அழுத்த வேண்டும். முதலில் மூட்டின் விளிம்பில் நீர் கசியும். அடுத்துப் பழைய கிரீஸ், மணல் கலந்து கறுப்பாக வரும். புதுக் கிரீஸ் அதன் சொந்த நிறத்தில் வெளியே தெரியும்வரை விடாமல் அழுத்திவிட்டு, அடுத்த மூட்டுக்குப் போகலாம்.